நம்பிக்கையை அளப்பது எப்படி?

நடுவயதில் பல்லுக்குக் கம்பி கட்டிக்கொண்டவரிடம், "தினமும் ஒழுங்காகத் துலக்குகிறீர்களா?" என்று மருத்துவர் கேட்டால், "ஆமாம்" என்றுதான் பதில் வரும். ஆனால் கம்பியைத் தாங்கும் சிறு பிடிகளைச் சுற்றி உணவுத்துணுக்குகள் தங்கி, கிருமிகள் அவற்றிலிருந்து உண்டாக்கும் அமிலம் எனாமலிலுள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து, நான்கே வாரங்களில் வெண்புள்ளிகளைத் தோற்றுவித்துவிடக்கூடும் ஆதலால், அவர் என்ன அறிந்திருக்கிறார் என்பதைவிட, அறிந்ததைச் செய்து முடிக்கத் தம்மால் இயலும் என்று எவ்வளவு தூரம் நம்புகிறார் என்பதே பிரதானமான விஷயமாகிறது.

இத்தகைய நம்பிக்கையை 1977-இல் ஒரு கொள்கையாக வகுத்தவர் ஆல்பர்ட் பாண்டுரா என்னும் உளவியல் அறிஞர். பொதுவான தைரியம் வேறு, குறிப்பிட்ட ஒரு காரியத்தில் நம்பிக்கை வேறு என்பது அவர் கட்சி; மேடையில் அஞ்சாமல் பிரசங்கம் செய்கிறவர், கம்பிக்கடியில் சிறு தூரிகையை நுழைப்பது தம்மால் ஆகாது என்று கைவிட்டுவிடலாம். ஆகவே இந்த நம்பிக்கையை அளக்கும் வினாக்களில் இடையூறுகளைப் படிப்படியாக ஏற்றுகிறார்கள்: சாவகாசமான காலையில் முடியுமா? களைத்து வந்த இரவில்? கம்பியை முறுக்கிய மறுநாள், வலியோடு? பிரயாணத்தில்? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை ஓர் எண். எல்லோரும் நூறு போட்டுவிடும் வினா, ஒருவரையும் வேறுபடுத்திக் காட்டாததால், வீண்.

சில நாள் கழித்துக் கேட்டாலும் ஏறக்குறைய அதே எண் வரவேண்டும். அதன் பிறகு, 1964-இல் சில்னஸ், லோ என்னும் பல் மருத்துவ ஆய்வாளர்கள் இருவரும் வகுத்த 0 முதல் 3 வரையிலான குறியீட்டால் பல்லின் அழுக்கை அளந்து ஒப்பிடலாம். நம்பிக்கை மிகுந்தவர்களிடமே அழுக்கும் மிகுந்திருந்தால், வினாத்தாள் வேறெதையோ, அநேகமாக அவர்களுடைய வீம்பை, அளந்திருக்கிறது.