சங்கராபரணி கடலைச் சேருமிடம்

ஆறு என்றதும் காவிரியையும் கங்கையையும் எண்ணுகிறோமே தவிர, நம் புதுவையின் சங்கராபரணியை யாரும் எண்ணுவதில்லை. ஒன்பதாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அருட்சகோதரியர் இருவருடன் நோணாங்குப்பம் படகுத்துறைக்குச் சென்று வந்தோம். பெற்றோர் சிலர் அனுமதி தரத் தயங்கினர். அதற்குக் காரணமும் உண்டு. 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயலின்போது புதுவையில் ஒரே நாளில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது. அடுத்த நாட்களில் வீடூர் அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட, இதே ஆறு கரைபுரண்டு ஓடியது.

செஞ்சி மலைப்பகுதியில் பிறக்கும் இவ்வாற்றுக்குச் செஞ்சியாறு, வராக நதி என்றும் பெயர்கள் உண்டு. 2 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கல்மரங்கள் கிடக்கும் திருவக்கரையைக் கடந்து புதுவை எல்லைக்குள் வருகிறது. கடலை நெருங்குகையில் அரியாங்குப்பத்தாறு, சுண்ணாம்பாறு என இரு கிளையாகிறது. நாங்கள் படகேறியது சுண்ணாம்பாற்றில்.

படகு நகர்ந்ததும் பேச்சு அடங்கிற்று. இருபுறமும் தென்னஞ்சோலைகள், நீரோரத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் கொக்குகள், அம்புபோல் பாயும் மீன்கொத்தி. நீரைத் தொட்டு நாவில் வைத்த தோழி முகத்தைச் சுளித்தாள். கடல் ஏறும்போது உப்புநீர் ஆற்றுக்குள் வருவதால் இங்கு நீர் உவர்ப்பாகவே இருக்கும். அந்த உவர்ப்பில்தான் அலையாத்தி மரம் வளர்கிறது. கரிய சேற்றில் காற்றில்லை. ஆகவே அதன் வேர்கள் பென்சில் முனைகளைப்போல் மேல்நோக்கி வளர்ந்து மூச்சுவிடுகின்றன. இறால் குஞ்சுகளும் மீன் குஞ்சுகளும் அவற்றிடையே ஒளிந்து வளர்கின்றன. அந்த வேர்களில் பிளாஸ்டிக் பைகள் சுற்றிக் கிடந்ததையும் கண்டோம். ஊர்க் குப்பைதான், வேறெங்கிருந்து வரும்!

முகத்துவாரத்து மணல்திட்டில் இறங்கினோம். ஒருபுறம் அமைதியான ஆறு, மறுபுறம் ஆர்ப்பரிக்கும் கடல்! எங்களுள் ஒருத்தி முழங்காலளவு நீர்தானே என்று கால் வைத்தாள். மறுகணம் காலடி மணல் சரிந்து, இடுப்பளவு நீரில் தடுமாறினாள். படகோட்டி ஓடிவந்து கையைப் பற்றி இழுத்தார். "கடல் வத்துற நேரம்மா, மேலே பாத்தா ஒண்ணும் தெரியாது" என்றார். கழிமுகத்தில் தேங்கிய நீரெல்லாம் குறுகிய வாய் வழியே ஒருசேரக் கடலுக்கு ஓடும்போது அடிமணலையும் அரித்துச் செல்கிறதாம். அதன்பின் அவள் அருட்சகோதரியின் கையை விடவேயில்லை.

மாலையில் அரியாங்குப்பத்தாற்றின் கரையிலுள்ள அரிக்கமேட்டுக்குச் சென்றோம். 1945இல் மார்ட்டிமர் வீலர் இங்கே அகழ்ந்து, ரோம நாட்டு மதுச்சாடிகளின் ஓடுகளைக் கண்டெடுத்தார். கடல் கடந்து வந்த சரக்குகளுக்கு இந்த ஆற்றங்கரையே இறங்குதுறையாயிற்று. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மறைப்பணியாளர் எழுப்பிய கட்டடத்தின் செங்கற் சுவர்களும் மரங்களிடையே நிற்கின்றன. தோழி ஒருத்தி மண்ணில் கிடந்த ஓட்டுத்துண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். சகோதரி அதை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார். அவளுக்கு அதில் இன்னும் வருத்தந்தான்.