முதுகுக்குப் பின்னால் மைனஸ் 183 டிகிரி! - ஆக்சிஜன் டேங்கர் டிரைவரின் முதல் நாட்கள்

பத்து வருஷம் லாரி ஓட்டியவராக இருக்கலாம். சிமென்ட், முட்டை, நூல் மூட்டை என்று எல்லா லோடும் பார்த்தவராக இருக்கலாம். ஆனால், கிரையோஜெனிக் டேங்கரில் வேலைக்குச் சேரும் முதல் நாளில் அவர் மறுபடியும் கிளீனர் மாதிரிதான்! ஸ்டீயரிங், கியர் எல்லாம் பழகியவை. பின்னால் இருக்கும் சரக்குதான் புதுசு.

மருத்துவமனைகளுக்குப் போகும் ஆக்சிஜன், தொழிற்சாலையிலேயே மைனஸ் 183 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்கப்பட்டு, தண்ணீர்போலத் திரவமாக்கப்படுகிறது. அப்படி ஆக்கினால்தான் நிறைய கொண்டுபோக முடியும். 1 லிட்டர் திரவ ஆக்சிஜன், வாயுவாக மாறினால் சுமார் 860 லிட்டர்! 20 டன் ஏற்றிய ஒரு டேங்கர், கிட்டத்தட்ட 2,000 பெரிய சிலிண்டர்களுக்குச் சமம்.

நம்ம வீட்டு ஃப்ளாஸ்க்தான்!

வெயில் கொளுத்தும் நெடுஞ்சாலையில் இவ்வளவு குளிரை எப்படிக் காப்பாற்றுகிறார்கள்? வீட்டில் காபி ஊற்றி வைக்கும் ஃப்ளாஸ்க்கின் அதே தத்துவம்தான். உள்ளே ஒரு ஸ்டீல் டேங்க், வெளியே இன்னொரு டேங்க், நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம். அப்படியும் கொஞ்சம் வெப்பம் உள்ளே போகத்தான் செய்யும். திரவம் மெதுவாக ஆவியாகி, உள்ளே அழுத்தம் கூடும். அளவைத் தாண்டினால் பாதுகாப்பு வால்வு தானாகத் திறந்து, 'உஸ்ஸ்' என்று வாயுவை வெளியே விடும். அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பதறாமல், உடனே பிரஷர் கேஜைப் பார்க்கப் பழகுவதுதான் புது டிரைவரின் முதல் பாடம்.

லைசென்ஸ் மட்டும் போதாது

கனரக வாகன லைசென்ஸ் இருந்தாலே இந்த வண்டியை எடுத்துவிட முடியாது. ஆபத்தான சரக்கு ஏற்றும் வண்டிகளின் டிரைவர்களுக்கு 1989-ம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் தனிப் பயிற்சியைக் கட்டாயமாக்கியுள்ளன. இந்திய மொழி ஒன்றோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். காரணம், கேபினில் இருக்கும் 'டிரெம் கார்டு'. கசிந்தால் என்ன செய்வது, தீப்பிடித்தால் என்ன செய்வது, யாருக்குத் தகவல் சொல்வது என்பதெல்லாம் அதில் இருக்கும். நடுராத்திரியில் அதை வாசிக்க வேறு ஆள் கிடைக்க மாட்டார்.

எண்ணெய்க் கறை கூடாது!

லாரிக்காரர் கையில் கிரீஸ் ஒட்டாத நாளுண்டா? இங்கே அதுதான் பெரிய எதிரி. ஆக்சிஜன் தானாக எரியாது. ஆனால், மற்றதை வெறியோடு எரிய வைக்கும். ஹோஸ் மாட்டும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால்கூட ஆபத்து. சிந்தும் திரவ ஆக்சிஜன் தார்த் தரையில் ஊறினால், லேசான அடியே வெடிப்பை உண்டாக்கலாம். அதனால்தான் இறக்கும் இடத்தில் கான்கிரீட் தளம் போடுகிறார்கள். பணி முடிந்ததும் பீடி பற்றவைக்கும் பழக்கத்தையும் விட்டாக வேண்டும். துணியில் ஆக்சிஜன் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும்.

உடையிலும் கணக்கு உண்டு. கையுறை தொளதொளவென்று இருக்க வேண்டும். திரவம் உள்ளே போனால் சட்டென்று உதறிவிடலாம். பேன்ட்டை பூட்ஸுக்குள் சொருகக் கூடாது. வெளியேதான் விட வேண்டும். குளிர்ந்த குழாயை வெறுங்கையால் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். பட்ட இடத்தைத் தேய்க்காமல், வெதுவெதுப்பான நீரில் வைத்து ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

சாலையில் இன்னொரு சவால். மூட்டை லோடு கட்டிய இடத்திலேயே இருக்கும். திரவம் அப்படியல்ல. பிரேக் போட்டால் முன்னால் அலை அடிக்கும். வளைவில் திரும்பினால் பக்கவாட்டில் சாய்க்கும். உள்ளே தடுப்புத் தகடுகள் இருந்தாலும், பாதி காலியான டேங்கர் இன்னும் படுத்தும். எனவே, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைக்கும் பழக்கம் வந்தே ஆக வேண்டும்.

2021 சொன்ன பாடம்

இந்த டிரைவர்களின் அருமை நாட்டுக்குப் புரிந்தது கொரோனா இரண்டாம் அலையில்தான். ஆக்சிஜன் உற்பத்தி ஓரிடம், தேவை வேறிடம். நைட்ரஜன், ஆர்கான் ஏற்றிய டேங்கர்களைக்கூட ஆக்சிஜனுக்கு மாற்றினார்கள். காலி டேங்கர்களை விமானப்படை சுமந்தது. நிரம்பியவற்றை ரயில்வே இழுத்தது. தமிழ்நாட்டுக்கான முதல் 'ஆக்சிஜன் எக்ஸ்பிரஸ்' 2021 மே 14-ல் துர்காபூரிலிருந்து 80 டன்னோடு தண்டையார்பேட்டை வந்து சேர்ந்தது.

டேங்கர்கள் கிடைத்தும், இரவு பகலாக ஓட்டப் பயிற்சி பெற்ற கைகள் போதவில்லை. உடனே 500 டிரைவர்களையும், இரண்டு மாதங்களில் 2,500 பேரையும் தயார்செய்யும்படி மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. மூன்று நாள் வகுப்பில் விதிகளைச் சொல்லிக்கொடுத்துவிடலாம். கேஜ் முள்ளின் அசைவும், வால்வின் சத்தமும், அலையின் இழுப்பும் பழக, சீனியர் பக்கத்தில் உட்கார்ந்து பல ஆயிரம் கிலோமீட்டர் போக வேண்டும்.

அடுத்தமுறை சாலையில் இப்படியொரு டேங்கரைக் கண்டால், ஓவர்டேக் செய்த கையோடு அதன் முன்னால் பிரேக் போடாதீர்கள். அது கவிழ்ந்து கிடந்தால், செல்போனோடு அருகில் போகாதீர்கள். வெள்ளைப் புகை தெரிந்தால் தள்ளி நின்று 112-ஐ அழையுங்கள்.

டேங்கர் ஆஸ்பத்திரி வாசலை அடைந்ததும் ஹோஸ் மாட்டி, வால்வைத் திறந்து, கொள்கலனின் அளவு முள் ஏறுவதைப் புது டிரைவர் பார்த்துக்கொண்டு நிற்பார். மேலே வார்டில் இருப்பவர்களுக்கு அவர் யாரென்று தெரியாது. முள் நிரம்பியதும் ரசீதில் கையெழுத்து வாங்கி, டீ குடித்துவிட்டு அடுத்த லோடுக்குக் கிளம்புவார்.