இடி விழுந்தால் மண்ணும் எழும்

மழைக்காலம் வந்தால் பள்ளி, ஆலை வளாகங்களில் எழும் கேள்வி இது: இரண்டு கட்டடங்களுக்கு இடையே லேன் கேபிளை இரண்டடி ஆழத்தில் புதைத்திருக்கிறோம், இடி விழுந்ததோ ஓரத்து மரத்தில், பிறகு எப்படி இரு முனையிலும் ஸ்விட்ச் புகைந்தது? கெட்டுப்போன ஸ்விட்சைக் கவனித்தால் ஒரு தடயம் கிடைக்கும். பல நேரங்களில் பெட்டி முழுவதும் செத்திருக்காது. மற்ற போர்ட்களின் விளக்குகள் எப்போதும்போல மினுக்கிக்கொண்டிருக்கும். அடுத்த கட்டடத்துக்குப் போகும் கேபிளைச் செருகிய போர்ட் மட்டும் கருகியிருக்கும். சேதம் வந்த வழி அந்தக் கேபிள்தான். அந்தச் சேதத்தைக் கேபிளில் கொண்டுவந்து சேர்த்தது மண்.

மண்ணின் மின்னழுத்தம் பூஜ்யம் என்பது சாதாரண நாளின் கணக்கு. ஒரு நடுத்தர மின்னல் ஏறக்குறைய 30,000 ஆம்பியரை மண்ணில் இறக்குகிறது. அந்த மின்னோட்டம் இறங்கிய இடத்திலிருந்து எல்லாத் திசையிலும் பரவுகிறது. தள்ளிப் போகப் போக மின்னழுத்தம் சரிகிறது. 100 ஓம்-மீட்டர் மின்தடைத்திறன் கொண்ட சீரான மண் என்று வைத்துக் கணக்கிட்டால், 10 மீட்டர் தள்ளி சுமார் 48,000 வோல்ட், 60 மீட்டர் தள்ளி சுமார் 8,000 வோல்ட். 50 மீட்டர் இடைவெளியில் 40,000 வோல்ட் வித்தியாசம்! ஈரக் களிமண்ணில் இது குறையும். காய்ந்த மணலிலும் பாறை நிலத்திலும் பல மடங்கு ஏறும். மரத்தடியில் கட்டிய மாடு, மின்னல் நேரே மேலே விழாமலே சாவதற்கும் காரணம் இதுவே. முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடையே உள்ள ஒன்றரை மீட்டரில் எழும் வித்தியாசம் அதன் உடல் வழியே மின்சாரத்தை ஓட்டுகிறது. இரு கட்டடங்களை இணைக்கும் செம்புக் கம்பிக்கு ஒரு கால் இங்கே, ஒரு கால் ஐம்பது மீட்டருக்கு அப்பால்.

குளத்தில் மிதக்கும் இரண்டு படகுகளை ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டியிருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பேரலை ஒன்று முதல் படகைத் தூக்குகிறது. படகுக்குள் இருக்கும் பானை, தட்டு, அடுப்பு எல்லாம் சேர்ந்தே உயர்வதால் எதுவும் உடையாது. ஒரு கட்டடத்தின் எல்லாக் கருவிகளும் ஒரே எர்த்தில் இணைந்திருந்தால் நடப்பது இதுதான். ஆனால் இரண்டாவது படகு இன்னும் பழைய மட்டத்திலேயே நிற்கிறது. கயிறு விறைக்கிறது, அறுவது கயிறாக இருக்காது, அதைக் கட்டிய முளை பிடுங்கிக்கொண்டு வரும். முளைதான் ஸ்விட்சின் போர்ட். கயிற்றை நீருக்கடியில் எத்தனை முழம் ஆழத்தில் விட்டாலும் முளைக்கு நேர்வது மாறப்போவதில்லை.

அந்த முளையின் பலம் என்ன? ஈதர்நெட் போர்ட் ஒவ்வொன்றிலும் சுண்டுவிரல் நகமளவு மின்மாற்றிகள் உண்டு. தரவுச் சைகை காந்தப்புலமாகக் கடக்கும். கம்பிக்கும் கருவிக்கும் நேரடி மின்தொடர்பு கிடையாது. இந்தப் பிரிப்பு 1,500 வோல்ட்டை ஒரு நிமிடம் தாங்க வேண்டும் என்கிறது ஈதர்நெட்டின் தரநிலை. அன்றாடத் தொல்லைகளுக்கு இது தாராளம். 40,000 வோல்ட் வரும்போது மெல்லிய காப்பு துளைபட்டு, அப்பால் சில வோல்ட்டில் வேலை செய்யும் சில்லு கருகுகிறது. கம்பிகளை முறுக்கி வைத்திருப்பதும் இங்கே உதவாது. முறுக்கு, இணைக் கம்பிகளுக்கு இடையே எழும் இரைச்சலைத்தான் அழிக்கும். இப்போது இரண்டு கம்பியும் ஒன்றாக உயர்கின்றன.

வரலாறு அதிகம் தேவையில்லை. 1752இல் பிராங்க்ளினின் பட்டச் சோதனை. அதே காலத்தில் இடிதாங்கி. அடுத்த நூற்றாண்டில் தந்திக் கம்பிகள் இதே தொல்லையைச் சந்தித்தன. சிக்கல் பழையது. சில வோல்ட்டில் வேலை செய்யும் சில்லுகளே புதியவை.

'நல்ல எர்த் போட்டால் போதாதா?' என்பது நியாயமான கேள்வி. கரியும் உப்பும் கொட்டி மின்தடையை 1 ஓமுக்கே கொண்டுவந்தாலும், 30,000 ஆம்பியர் அதன் வழியே இறங்கினால் 30,000 வோல்ட் எழும். கம்ப்யூட்டருக்கென்று தனியாக 'சுத்தமான எர்த்' குழி தோண்டுவது நிலைமையை மோசமாக்கும். ஒரே கட்டடத்துக்குள் இரண்டு படகுகளை உருவாக்கியதாகிவிடும். கேபிளை இரு முனையிலும் எர்த்தோடு இணைத்த இரும்புக் குழாய்க்குள் விட்டால் வித்தியாசம் குறையும், ஒழியாது. திடீரென எழும் மிகை மின்னழுத்தத்தை எர்த்துக்குத் திருப்பிவிடும் சர்ஜ் அரெஸ்டர் பயனுள்ளதுதான். ஆனால் இரு முனையிலும் வேண்டும், கட்டடத்தின் முதன்மை எர்த்தோடு மிகக் குறுகிய கம்பியால் இணைய வேண்டும். மைக்ரோ நொடிக்கு 1,000 ஆம்பியர் வேகத்தில் மின்னோட்டம் ஏறினால், நேரான கம்பியின் ஒவ்வொரு மீட்டரிலும் சுமார் 1,000 வோல்ட் எழும். சுவரைச் சுற்றி வரும் நீண்ட எர்த் கம்பி, அரெஸ்டருக்குக் கொடுத்த காசை வீணாக்குகிறது. 'முழுப் பாதுகாப்பு' என்று விளம்பரப்படுத்தும் பெட்டிகளில் இந்த நிபந்தனை கண்ணில் படுவது அரிது.

ஆகவே கயிற்றையே எடுத்துவிடுவதுதான் வழி. ஃபைபர் கேபிளின் கண்ணாடி இழையில் ஒளி போகும், மின்சாரம் போகாது. 'கன்வெர்ட்டர் செலவு, இழை ஒட்டும் கூலி எல்லாம் கூடுதலாயிற்றே' என்பார்கள். பள்ளம் தோண்டும் கூலி இரண்டுக்கும் ஒன்றுதான்; லேன் கேபிளோ 100 மீட்டரைத் தாண்டவும் முடியாது. ஒரு எச்சரிக்கை: எலி கடிக்காமலிருக்க எஃகுக் கவசம் போட்ட ஃபைபர் வாங்கினால், அந்த எஃகு மறுபடி கயிறாகும். உலோகமே இல்லாத ரகத்தைக் கேட்டு வாங்க வேண்டும். கரண்ட் லைன் வழியாக வரும் மின்னெழுச்சியை ஃபைபர் தடுக்காது. அதற்கு மெயின் போர்டில் தனி அரெஸ்டர் தேவை. கட்டடத்துக்குள் செம்பு, கட்டடங்களுக்கு இடையே கண்ணாடி என்ற விதியைப் பள்ளம் தோண்டுவதற்கு முன்பே டெண்டரில் எழுதிவிட வேண்டும்.