பாதைக்கும் ஓர் உரிமை உண்டு

திருச்சியிலிருந்து சென்னை செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் சமயபுரம், சிறுகனூர் ஆகிய ஊர்களைக் கடந்து பெரம்பலூர் நோக்கிச் செல்லும்போது இடையில் வருவது பாடாலூர். ஆலத்தூர் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூரின் வழியே இரவும் பகலும் வாகனங்கள் ஓடிய வண்ணம் உள்ளன. செட்டிகுளம் பகுதியில் விளையும் சின்ன வெங்காய மூட்டைகளும், நாரணமங்கலம் டயர் தொழிற்சாலைக்குச் சென்று திரும்பும் தொழிலாளர்களும், சமயபுரத்திற்குக் கால்நடையாகச் செல்லும் பக்தர்களும் இச்சாலையைத்தான் நம்பியிருக்கின்றனர். லெப்பைக்குடிக்காடு, வ.களத்தூர் போன்ற ஊர்களிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் பயணமாகும் நம் பிள்ளைகளை வழியனுப்பத் திருச்சி விமான நிலையம் செல்லும் குடும்பங்களும் பெரும்பாலும் பாடாலூரைத் தாண்டியே போக வேண்டும்.

இத்தனை பேருக்கும் பொதுவான இப்பாதையைப் பற்றி மார்க்கம் என்ன சொல்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் சிந்தித்திருக்கிறோம்? ஒளுவின் ஃபர்ளுகளைச் சிறு பிள்ளையும் ஒப்புவிக்கும். பாதையின் ஹக்குகள் யாவை எனக் கேட்டால் பெரியவர்களும் விழிப்பார்கள்.

பாதைகளில் உட்காருவதைத் தவிர்த்துக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் தோழர்களிடம் கூறினார்கள். எங்களுக்கு உட்கார்ந்து பேச வேறு இடமில்லையே எனத் தோழர்கள் முறையிட்டபோது, அப்படியானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்றார்கள். பார்வையைத் தாழ்த்துவது, பிறருக்குத் துன்பம் தராமலிருப்பது, ஸலாமுக்குப் பதில் கூறுவது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது ஆகியவையே அவ்வுரிமை என்று அபூ ஸஈத் அல்குத்ரீ (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸில் காண்கிறோம். ஈமானின் கிளைகளுள் மிகத் தாழ்ந்ததாக நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துக்காட்டியதும், பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றுவதையே. தாழ்ந்த கிளை என்பதால் விட்டுவிடலாம் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். வழியில் கிடந்த முட்கிளை ஒன்றை அப்புறப்படுத்திய ஒரு மனிதருக்கு அல்லாஹ் பாவமன்னிப்பு அளித்தான் என்றும் அவர்களே அருளியிருக்கிறார்கள்.

பாதையின் பொறுப்பு எவ்வளவு பெரியது என்பதற்குத் தொலைவில் போய்ச் சான்று தேட வேண்டியதில்லை. பெரம்பலூர் மாவட்டத்தில் இரயில் பாதை கிடையாது. இரயிலைப் பிடிக்க வேண்டுமானால் அரியலூருக்கோ திருச்சிக்கோதான் போக வேண்டும். அந்த அரியலூருக்கு அருகில், 1956 நவம்பர் 23 அன்று விடியற்காலையில், மழை வெள்ளத்தால் மருதையாற்றுப் பாலம் சிதைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போதைய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதே ஆண்டு செப்டம்பரில் மகபூப்நகரில் நேர்ந்த விபத்தின்போதும் அவர் விலக முன்வந்தார். அன்று பிரதமர் நேரு அதனை ஏற்கவில்லை. அரியலூர் விபத்துக்குப் பின் ஏற்றுக்கொண்டார்.

அமைச்சர் தம் கையால் பாலத்தை உடைக்கவில்லை. ஆயினும் அது தம் அமானிதம் என்று கருதினார். இராக் தேசத்தில் ஒரு கோவேறு கழுதை இடறி விழுந்தாலும், அதற்காக ஏன் பாதையைச் செப்பனிடவில்லை என்று மறுமையில் தாம் வினவப்படுவோம் என மதீனாவில் இருந்த கலீஃபா ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் அஞ்சியதாக வரலாற்று நூல்கள் கூறும். கழுதைக்கே இவ்வளவு அச்சமென்றால் மனிதருக்கு எவ்வளவு இருக்க வேண்டும்! 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 17,884 பேர் தமிழ்நாட்டில் இறந்தவர்கள்.

ஆட்சியாளர்களைப் பற்றிப் பேசுவது எளிது. நம்முடைய கணக்குக்கு வருவோம்.

நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ஹிதாயா, இமாம் மர்கீனானீ (ரஹ்) அவர்கள் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பு இயற்றிய சட்ட நூல். அதில் பாதையைப் பற்றிய சட்டங்கள் விரிவாக உள்ளன. பொதுவழியில் ஒருவன் கிணறு தோண்டி அதில் பிறர் விழுந்து இறந்தால் நஷ்டஈடு உண்டு. வீட்டின் தாழ்வாரத்தையோ நீர்க்குழாயையோ வழியின் பக்கம் நீட்டினால், அவ்வழியே செல்லும் உரிமையுள்ள எவரும் அதை அகற்றக் கோரலாம். இவற்றைவிட நுட்பமான சட்டம் ஒன்று உண்டு. பிராணியின் மீது ஏறிச் செல்பவன், அது முன்னங்காலால் மிதிப்பதற்குப் பொறுப்பாளி. ஆனால் நடந்து செல்லும்போது அது பின்னங்காலால் உதைத்துவிட்டால் அவன் மீது குற்றமில்லை. ஏனெனில் அதனைத் தடுப்பது அவன் சக்திக்கு அப்பாற்பட்டது. அதே பிராணியை அவன் பாதையில் நிறுத்தி வைத்திருந்தாலோ, அந்த உதைக்கும் அவனே பொறுப்பாளி. உதையைத் தடுக்க முடியாதென்றாலும், வழியில் நிறுத்தாமலிருக்க அவனால் முடியும் அல்லவா?

இச்சட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, ஜும்ஆ நாளன்று சாலையோரப் பள்ளிவாசல் ஒன்றின் முன்பு சற்று நின்று பாருங்கள். கார் பாதிச் சாலையில் நிற்கும். மோட்டார் சைக்கிள்கள் குறுக்கும் நெடுக்குமாய்க் கிடக்கும். அந்த இடைஞ்சலைத் தவிர்க்க நடுச்சாலைக்கு விலகும் சைக்கிள்காரரை லாரி அடித்துவிட்டால், உள்ளே முதல் ஸஃப்பில் அமர்ந்திருப்பவர் இறைவனிடம் என்ன பதில் கூறுவார்? குத்பா கேட்டுக்கொண்டிருந்தேன் என்றா?

தாமதமாகப் புறப்பட்டு வேகமாக வருவோரும் உளர். ஜும்ஆவுக்கு அழைக்கப்பட்டால் விரைந்து வருமாறு திருமறை கூறுகிறதே என்பர். அவ்வசனத்தில் கூறப்படுவது ஓட்டமன்று, நாட்டத்தோடு புறப்படுவதே என்று விரிவுரையாளர்கள் விளக்கியுள்ளனர். தொழுகைக்கு ஓடி வராதீர்கள், அமைதியோடு நடந்து வாருங்கள், கிடைத்ததைத் தொழுது விடுபட்டதை நிறைவு செய்யுங்கள் என்பதே நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளை. கால்நடையாக ஓடுவதற்கே அனுமதியில்லாதபோது எண்பது கிலோமீட்டர் வேகத்திற்கு எங்கிருந்து அனுமதி வந்தது?

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகனிடம் வண்டிச் சாவியைக் கொடுத்து, வக்துக்கு முந்திப் போ என்று அனுப்பும் தந்தையரையும் நான் கண்டதுண்டு. 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டப்படி, சிறுவன் ஓட்டி இழைத்த குற்றத்திற்குப் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வாகனத்தில் ஏறும்போது துஆவை அழகாக ஓதிவிட்டுத் தலைக்கவசத்தைப் பெட்ரோல் டாங்கின் மீது வைத்துக்கொண்டு செல்லும் சகோதரர்களே, ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தவக்குல் வைக்கும்படி நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதையும் அந்த துஆவோடு சேர்த்து நினைவிற்கொள்ளுங்கள்.

பாதையின் உரிமைகளுள் துன்புற்றவருக்கு உதவுவதும் ஒன்று என அபூதாவூதின் அறிவிப்பில் வருகிறது. விபத்தில் அடிபட்டுக் கிடப்பவரைச் சுற்றி நின்று பார்ப்பவர் பலர், தூக்குபவர் சிலரே. போலீஸ், கோர்ட்டு என்று அலைய வேண்டிவரும் என்ற அச்சமே காரணம். அந்த அச்சம் இனித் தேவையில்லை. உதவி செய்தவரைப் பெயர், முகவரி கூறும்படி கட்டாயப்படுத்தக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2016இல் ஏற்ற விதிமுறைகள் கூறுகின்றன. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும் அவருக்குப் பாதுகாப்பு அளித்துள்ளது. 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் சிக்கியவருக்குத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்க வகை செய்தது. 108 எண்ணுக்குத் தொலைபேசியில் பேசி, ஊரின் பெயரையும் பக்கத்திலுள்ள அடையாளத்தையும் சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். கீழே கிடப்பவர் சமயபுரத்திற்கு நடந்து சென்றவரானாலும் சரி, நம் மஹல்லாவாசியானாலும் சரி, ஓர் உயிரை வாழ வைத்தவர் மனிதர் அனைவரையும் வாழ வைத்தவர் போலாவார் என்பது திருமறையின் வாக்கு.

நெடுஞ்சாலையை ஒட்டிய பள்ளிவாசல்களின் முத்தவல்லிமார்களிடம் ஒரு கோரிக்கை. ஜும்ஆ நாளில் பொறுப்பான இருவரை வாசலில் நிறுத்தி, வாகனங்களைச் சாலையை விட்டு உள்ளே தள்ளி நிறுத்தவும், முதியவர்களும் சிறுவர்களும் சாலையைக் கடக்கவும் உதவச் செய்யுங்கள். குத்பா நேரத்தில் அவர்களும் உள்ளே இருக்க வேண்டும்; எனவே இரண்டாம் பாங்குக்கு முன்னர் அரை மணி நேரமும், ஸலாம் கொடுத்தபின் கால் மணி நேரமும் போதும்.