டயரிலிருந்து தொடங்கு, தம்பி

"அண்ணே, வண்டி பார்க்க அப்படியே இருக்கணும். ஓட்டுறவனுக்கு மட்டும் வித்தியாசம் தெரியணும். எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?"

பழனிக்குப் பக்கத்திலிருக்கும் பாலசமுத்திரத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இப்படிக் கேட்ட தம்பி வாங்கியிருப்பது செகண்ட் ஹேண்டில் ஒரு சிவப்பு டாடா டியாகோ ஜே.டி.பி. வண்டியை ஆல்ட்டர் பண்ண வேண்டும் என்று வருகிற பலரும் போனில் ஒரு சைலன்சர் படத்தையோ பின்னால் மாட்டும் இறக்கையின் படத்தையோ வைத்துக்கொண்டுதான் பேச்சைத் தொடங்குவார்கள். இவன் முதலில் கேள்வியோடு வந்தது எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு டீ சொல்லிவிட்டு விளக்க ஆரம்பித்தேன். அதே ஆசை உள்ள மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில், அவன் வாங்கியிருக்கும் வண்டியே இதற்கு நல்ல பாடம். ஜே.டி.பி. என்றால் ஜேயெம் டாடா பெர்ஃபார்மன்ஸ். கோயம்புத்தூரில் ரேஸ் ஓட்டி வளர்ந்த ஜே. ஆனந்தின் ஜேயெம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் கைகோத்து 2017இல் தொடங்கிய கூட்டு நிறுவனம் அது. கரிவர்தன் மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி ரேஸ் கார்களைக் கட்டிய ஊர், 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குப் போன நாராயண் கார்த்திகேயனின் ஊர் கோயம்புத்தூர். கார் என்ஜினைப் பிரித்துப் போட்டுப் பேசத் தெரிந்தவர்கள் அங்கே எப்போதும் இருந்திருக்கிறார்கள். அந்த ஊர் அனுபவம் ஒரு சாதாரண வீட்டுக் காரில் இறங்கியதன் பலன்தான் 2018 அக்டோபரில் விற்பனைக்கு வந்த டியாகோ ஜே.டி.பி.யும் டிகோர் ஜே.டி.பி.யும். 2020இல் தயாரிப்பு நின்றுவிட்டது என்பதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் உண்டு.

அவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் "ஆளுக்குத் தெரியாத மாற்றம்" எப்படி இருக்கும் என்பது புரியும். சாதாரண பெட்ரோல் டியாகோவில் 85 பி.எஸ். திறனுள்ள, டர்போ இல்லாத என்ஜின். ஜே.டி.பி.யில் நெக்ஸானின் 1,199 சி.சி. டர்போ பெட்ரோல் என்ஜினை வைத்து 114 பி.எஸ். ஆக்கினார்கள். அதோடு நிறுத்தவில்லை. கியர் விகிதத்தை மாற்றினார்கள், ஸ்பிரிங்கை இறுக்கமாக்கினார்கள், வண்டியை 4 மில்லிமீட்டர் இறக்கினார்கள், 185/60 ஆர்15 டயர் போட்டார்கள். வெளியே பானெட்டில் காற்றுத் திறப்புகள், கண்ணாடி மூடியில் சிவப்பு, பக்கவாட்டில் ஒரு பட்டி, பின்னால் இரட்டை முனை சைலன்சர். தூரத்திலிருந்து பார்த்தால் டியாகோதான். நின்ற நிலையிலிருந்து 100 கிலோமீட்டர் வேகத்தை 10 வினாடிக்குள் தொடும் என்பது ஓட்டுகிறவனுக்கு மட்டும் தெரியும்.

இதில் நான் தம்பியிடம் அழுத்திச் சொன்னது ஒரு விஷயத்தைத்தான். அதே என்ஜின் நெக்ஸானில் வந்தபோது 110 பி.எஸ்., இழுவை 170 நியூட்டன் மீட்டர். ஜே.டி.பி.யில் குதிரைத் திறன் 4 கூடியது, இழுவையோ 150ஆகக் குறைந்தது. வேகமான வண்டி செய்கிறோம் என்று சொல்லிவிட்டு இழுவையைக் குறைத்திருக்கிறார்கள். என்ஜின் தருகிற இழுவையை கிளட்சும் கியர்பாக்ஸும் டிரைவ் ஷாஃப்ட்டும் தாங்க வேண்டும். முன் சக்கரம் இரண்டும் அதைத் தரைக்குக் கொண்டுபோக வேண்டும். ஓரிடத்தில் கை வைத்தால் அதோடு கோத்திருக்கிற அத்தனை இடத்தையும் பார்த்தாக வேண்டும் என்பது அந்தக் கணக்கிலேயே தெரிகிறது. லேப்டாப்பைச் சொருகி ரீமேப் செய்து பத்து நிமிடத்தில் திறனைக் கூட்டித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னால், "கிளட்ச் எவ்வளவு தாங்கும்?" என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

"அப்போ என்ஜின்ல கை வைக்கவே வேண்டாமாண்ணே?"

கடைசியில் வைக்கலாம். முதலில் தரையைத் தொடுகிற இடம். நான்கு டயரும் சேர்ந்து சாலையைப் பிடித்திருக்கும் பரப்பு மிகச் சிறியது. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அகலம். திறன் கூடினாலும் பிரேக் கூடினாலும் அந்த நான்கு உள்ளங்கை வழியாகத்தான் வேலை நடக்கும். தம்பியைக் கூட்டிப்போய் டயரின் பக்கச் சுவரைக் காட்டினேன். ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். அவன் டயரில் கட்டை நன்றாகவே மிச்சம் இருந்தது. ஆனால் வண்டியோடு வந்த பழைய டயர். ரப்பர் இறுகிப்போயிருந்தது, பள்ளங்களுக்குள் நுண்ணிய வெடிப்புகள். இப்படிப்பட்ட டயரில் ஓடுகிற வண்டிக்கு எந்த மாற்றம் செய்தாலும் வீண்.

பெரிய அலாய் வீல் ஆசை எல்லோருக்கும் உண்டு. அதற்கு முன் கணக்கைப் படிக்கத் தெரிய வேண்டும். 185/60 ஆர்15 என்றால் டயரின் அகலம் 185 மி.மீ.; பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், அதாவது 111 மி.மீ.; ரிம் 15 அங்குலம், அதாவது 381 மி.மீ. மேலும் கீழும் சுவரைக் கூட்டினால் சக்கரத்தின் மொத்த உயரம் 603 மி.மீ. புது ரிம்மும் புது டயரும் சேர்ந்து இந்த 603ஐ ஒட்டியே நிற்க வேண்டும். மொத்த உயரம் 3 சதவீதம் கூடினால், வண்டி 100இல் போகும்போது மீட்டர் 97 என்று காட்டும். சுவரை ரொம்பக் குறைத்தால் நம்மூர்க் குழிகளில் ரிம் வளையும். என் தேர்வு கேட்டால், அதே அளவில் நல்ல டயர், கொஞ்சம் எடை குறைந்த 15 அங்குல ரிம். அவ்வளவுதான்.

அடுத்தது பிரேக். இதைப் பற்றிப் பாலசமுத்திரத்துக்காரர்களிடம் நீட்டிப் பேசுவது என் கடமை என்று நினைக்கிறேன். நமக்கு மலை முதுகுக்குப் பின்னாலேயே இருக்கிறது. பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 64 கிலோமீட்டர். கீழே 300 மீட்டர் சொச்சம் உயரம், மேலே 2,100க்கு மேல். ஆளும் பையுமாக 1,200 கிலோ எடையுள்ள வண்டி அந்த 1,800 மீட்டரை இறங்கும்போது வெளிப்படும் ஆற்றலைக் கணக்குப் போட்டால், குழாய்த் தண்ணீர் 60 லிட்டருக்கு மேல் கொதிக்க வைக்கலாம். அதில் ஒரு பங்கைக் காற்றும் டயரும் வாங்கிக்கொள்ளும். ஏறிய கியரிலேயே இறங்கினால் பெரும்பங்கை என்ஜின் வாங்கிக்கொள்ளும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்கினால் அத்தனை சூடும் பிரேக்குக்குத்தான் போகும்.

அந்தச் சூட்டில் முதலில் தோற்பது நம் கண்ணுக்குத் தெரியாத பிரேக் ஆயில். அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரம் ஏறிய நிலைக்கு அதே விதி கேட்பது 155 டிகிரிதான். டாட் 3க்கு இந்த எண்கள் 205, 140. ஆயில் கொதித்தால் உள்ளே ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். மிதித்த மிதி குமிழியை அமுக்குவதில் போய்விடும். பெடல் மெத்தென்று தரைக்கு இறங்கும், வண்டி நிற்காது. கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால் அப்படி நேர்ந்தால் எவ்வளவு திறமையான டிரைவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆகவே தம்பியின் காருக்கு நான் சொன்ன முதல் மெக்கானிக்கல் "மாடிஃபிகேஷன்" சில நூறு ரூபாய்ச் செலவு: பழைய பிரேக் ஆயிலை முழுக்க இறக்கிவிட்டுப் புதிதாக ஊற்றி ஏர் எடுப்பது. மூடியில் டாட் 4 என்று இருந்தால் டாட் 4தான். டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில். எண் பெரிதாக இருக்கிறதே என்று அதை ஊற்றிவிடக் கூடாது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். முன் டிஸ்க்குக்குத் தரமான பேட் போடலாம். ரேஸ் பேட் வேண்டாம். அது சூடேறிய பிறகுதான் பிடிக்கும், காலையில் வீட்டுத் தெருவில் மாடு குறுக்கே வந்தால் உதவாது.

சஸ்பென்ஷனில் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை இறக்குவது கொலைக்குச் சமம். ஜே.டி.பி. பொறியாளர்களே 4 மி.மீ.க்கு மேல் இறக்கவில்லை. நம் ஊர் ஸ்பீடு பிரேக்கர்களுக்கு அதுவே போதும். ஷாக் அப்சார்பர் தேய்ந்திருந்தால் புதிதாகப் போட்டு, வீல் அலைன்மென்ட் பார்த்தாலே பாதிக் காருக்குப் புது உயிர் வந்துவிடும்.

அழகுக்கு என்ன செய்யலாம் என்று கேட்டான். உள்ளே ஸ்டியரிங்குக்கு நல்ல தோல் உறை, நன்றாகத் துடைத்துப் பாலிஷ் போட்ட பெயின்ட், மங்கிய ஹெட்லைட் கண்ணாடியைத் தேய்த்துத் தெளிய வைப்பது, தேவையில்லாத ஸ்டிக்கரை உரிப்பது. சிவப்பு வண்டிக்கு இதுவே நிறைவு. ஹாலஜன் பல்புக்கென்று செய்த ஹெட்லைட்டில் எல்.இ.டி. பல்பைச் சொருகாதே என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னேன். ஒளி சிதறி எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கும். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பழனிச் சாலைகளில் ராத்திரி முழுக்க பாதயாத்திரைக் கூட்டம் நடக்கிறது. காவடியும் குழந்தையுமாக ஓரத்தில் வருகிறவர்கள் மேல் அந்த வெளிச்சத்தையும், குழலை வெட்டிய சைலன்சர் சத்தத்தையும் பாய்ச்ச நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். சத்தம், புகை வரம்பை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதமும் மூன்று மாதம் லைசென்ஸ் இழப்பும் உண்டு. வண்டியின் நிறம் ஆர்.சி.யில் இருக்கிறது, மாற்றுவதென்றால் முதலில் ஆர்.டி.ஓ. அனுமதி. கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டுவதை 2012லேயே உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. செய்த மாற்றத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்காவிட்டால் கிளெய்ம் நேரத்தில் தகராறு வரும்.

"இவ்வளவும் பண்ணிட்டு வேகமா எங்கண்ணே ஓட்டுறது?"

கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் கரிவர்தன் பெயரில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது. பழனியிலிருந்து உடுமலை, பொள்ளாச்சி வழியாக ஒரு காலைப் பயணம். சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலும் ரேஸ் டிராக் உண்டு. ஹெல்மெட் போட்டு, எதிர்வண்டி இல்லாத பாதையில் ஓட்டிப் பார்த்தால்தான் வண்டிக்கு எது குறை என்று தெரியும். அப்படித் தெரிந்த பிறகும் திறன் போதவில்லை என்றால் அன்றைக்கு என்ஜின் பேச்சைப் பேசலாம்.

இந்த வரிசை ஜே.டி.பி.க்கு மட்டும் அல்ல. போலோ வைத்திருப்பவருக்கும் ஸ்விஃப்ட் வைத்திருப்பவருக்கும் இதேதான். அடுத்த முறை கொடைக்கானல் ஏறும் முன் சர்வீஸ் புத்தகத்தை எடுத்துப் பிரேக் ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று பாருங்கள். தேதி இரண்டு வருடத்தைத் தாண்டியிருந்தால், மற்ற செலவையெல்லாம் தள்ளிவைத்து முதலில் அதை மாற்றுங்கள்.