சுகாதாரப் பகுதி: கூட்டாளியைத் தனியே விட்டு ஓடாதீர்கள்!



பட்டர்வொர்த் வட்டாரத்தில் நம் சங்கக் குடும்பத்துப் பிள்ளை ஒருவனை அண்மையில் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். அப்பா செம்பனைக் குலை வெட்டுகிறவர். மகன் ஃபேக்டரியில் இரவு ஷிப்ட். வயது இருபத்திரண்டுதான். பெயரைப் போட வேண்டாம் என்றார் தாயார். "ஆனா நடந்ததை எழுதுங்க. இன்னொரு வீட்ல இப்படி எழவு விழக்கூடாது" என்றும் சொன்னார். அதனால் எழுதுகிறோம்.

மழைக்குப் பிறகு மாட்டுச் சாணத்தில் முளைக்கும் காளான்களில் போதை தருவது ஒன்று உண்டு. கூட்டாளிகள் மூன்று பேர் அதைத் தின்றார்கள். அரை மணி நேரமாகியும் ஒன்றும் தெரியவில்லை என்று நம் பிள்ளை இன்னும் கொஞ்சம் தின்றான். பிறகு யாரோ துரத்துவதாகக் கத்தினான். மற்ற இருவரும் போலீசுக்குப் பயந்து ஓடிவிட்டார்கள். அவன் இருட்டில் பெரிய ரோட்டுக்கு ஓடினான். லாரிக்காரரால் நிறுத்த முடியவில்லை.

எழவு வீட்டில் ஆளாளுக்கு ஒன்று பேசினார்கள். "பேய் பிடிச்சிருச்சு" என்றார் ஒருவர். "கெட்ட பிள்ளை" என்றார் இன்னொருவர். இரண்டும் சரியில்லை.

அந்தக் காளானில் சைலோசைபின் என்ற பொருள் இருக்கிறது. அது உடம்புக்குள் போய் மாறி, மூளையில் நரம்புகள் ஒன்றோடொன்று பேசும் வழியைக் குழப்புகிறது. இல்லாதது தெரியும். நேரம் போவதே தெரியாது. சிலருக்குச் சிரிப்பு, சிலருக்குத் தாங்க முடியாத பயம். வேகம் ஏற அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகலாம். நான்கு முதல் ஆறு மணி நேரம் இருந்து பிறகு தணியும். அந்த நேரம் முழுவதும் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்தப் பிள்ளை இன்று உயிரோடு இருந்திருப்பான்.

"வெளிநாட்டில் இதை மருந்தாகவே கொடுக்கிறார்களாமே?" என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். உண்மைதான். மற்ற மருந்துகளுக்குக் குணமாகாத மனச்சோர்வுக்குத் தகுதி பெற்ற மனநல மருத்துவர்கள் இதைக் கொடுக்க ஆஸ்திரேலியா 2023 ஜூலையில் அனுமதித்தது. ஆனால் அங்கே நோயாளியை முன்கூட்டியே சோதிக்கிறார்கள். மருந்தின் அளவு தெரியும். வேகம் தணியும் வரை பயிற்சி பெற்றவர் கூடவே இருக்கிறார். சாணத்தில் பறித்ததற்கு இந்தக் காவல் எதுவும் கிடையாது. நம் நாட்டில் 1952ஆம் ஆண்டு அபாயகர போதைப்பொருள் சட்டப்படி இது குற்றமும்கூட.

இன்னும் சில ஆபத்துகளைச் சொல்ல வேண்டும்.

ஒன்று: போதைக் காளான் என்று விஷக் காளானைப் பறித்துவிடலாம். சில விஷக் காளான்கள் பல மணி நேரம் கழித்தே வாந்தி பேதியைக் கொடுக்கும். பிறகு ஈரலையே அழித்துவிடும்.

இரண்டு: ஊமத்தை. மலாய்க்காரர்கள் கெச்சுபோங் என்பார்கள். இதுவும் இல்லாததைக் காட்டும், ஆனால் இது கொடிய விஷம். வாய் வறளும், கண்மணி விரியும், உடம்பு கொதிக்கும், நெஞ்சு படபடக்கும். உயிரே போகலாம்.

மூன்று: ஒன்றைச் சொல்லி வேறொன்றை விற்பது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்து நாற்பதுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். போதலுக்கே இப்படியென்றால், கள்ளத்தனமாக விற்கும் மாத்திரைக்குள் என்ன இருக்கும் என்று யாரால் சொல்ல முடியும்?

நான்கு: குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்தால், இந்தப் பொருள்கள் அதைக் கிளப்பிவிடலாம்.

தொடாமல் இருப்பதே நல்லது. தொட்டுவிட்ட ஒருவரைப் பார்த்தால் இப்படிச் செய்யுங்கள்:

தனியே விடாதீர்கள். ரோடு, ஆறு, கிணறு, மோட்டார் சைக்கிள், வெட்டுக்கத்தி எதற்கும் பக்கத்தில் விடாதீர்கள். அடிக்க வேண்டாம், கட்டிப்போட வேண்டாம், வேப்பிலை அடிக்கவும் வேண்டாம். அமைதியான இடத்தில் உட்காரவைத்து, "நான் இருக்கேன், இது போயிரும்" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருங்கள். மேலே எதுவும், சம்சுவோ பீரோ, கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள்.

மயக்கம், வலிப்பு, கடும் காய்ச்சல், மூச்சுத் திணறல், நிற்காத வாந்தி, அடக்க முடியாத வெறி, எது இருந்தாலும் 999க்குப் போன் செய்யுங்கள். மயங்கிக் கிடந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மிச்சமிருக்கும் காளானையோ விதையையோ மாத்திரையையோ கையோடு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள். டாக்டரிடம் உண்மையை மறைக்காதீர்கள். என்ன தின்றான், எப்போது தின்றான் என்று தெரிந்தால்தான் வைத்தியம் செய்ய முடியும். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் உள்ள தேசிய நச்சு மையம் டாக்டர்களுக்கு ஆலோசனை சொல்லக் காத்திருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "தெரிஞ்சா கொன்னுபோடுவேன்" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். "என்ன தப்பு செஞ்சாலும் முதல்ல எனக்குப் போன் பண்ணு" என்று சொல்லிவையுங்கள்.

ஓடிப்போன அந்த இரண்டு பையன்களும் பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்து வாசலிலேயே நின்றார்கள். தாயார்தான் உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார். அவர்களும் நம் பிள்ளைகள்தான். அவர்களுக்கு இதை முன்பே சொல்லிக்கொடுக்காதது நம் குறை. இந்தப் பக்கத்தை இன்றிரவே உங்கள் வீட்டில் உரக்கப் படியுங்கள்.