இடுக்கண் அழியாமை: ஜி.டி. நாயுடுவின் வாழ்வை முன்வைத்து

திருக்குறளில் 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை; அதனை அடுத்த 63ஆம் அதிகாரம் இடுக்கண் அழியாமை. முயற்சியைக் கூறி முடித்த கையோடு துன்பத்துக்குத் தளராமையைப் பேசுவானேன் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. முயல்கின்றவனுக்கே இடையூறு நேரும், வாளாவிருப்பவனை அது தேடி வருவதில்லை என்பது போலும் நூலாசிரியர் உள்ளக்கிடக்கை என்று வகுப்பில் நாம் விளக்கம் கூறுவதுண்டு. ஒருமுறை அவ்வாறு விளக்கிக்கொண்டிருந்தபோது, பகுதி ஒன்று தமிழ் பயில வந்திருந்த இயற்பியல் மாணவர் ஒருவர் எழுந்து நின்றார். "முயன்றவர் எல்லாரும் வென்றார்களா ஐயா?" என்று வினவினார்.

மணி அடிக்கும் நேரம். "கோவை ஜி.டி. நாயுடுவைப் படித்துப் பார் தம்பி, விடை கிடைக்கும்" என்று கூறி வகுப்பை முடித்தோம். சில வாரங்களில் அம்மாணவர் கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிட்டார். கணிதத் துணைப்பாடத்தில் இரண்டாம் முறையும் தேறவில்லை என்று உடன் பயில்வோர் கூறினர். அன்று நாம் அளித்த விடை அரைகுறையானது என்பது பின்னரே புலப்பட்டது. நாயுடுவின் வாழ்வை முழுமையாக நோக்கினால், அது வெற்றிக் கதை என்று ஒரே சொல்லில் அடக்கிவிடக் கூடியதன்று. அதனை இங்குச் சற்று விரிவாகக் காண்போம்.

கழற்றிப் பார்த்த கை

கோவைக்கு அருகிலுள்ள கலங்கல் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில், 1893 மார்ச் 23ஆம் நாள் பிறந்தவர் கோபால்சாமி துரைசாமி நாயுடு. தாயைக் குழந்தைப் பருவத்திலேயே இழந்தவர். பள்ளிப் படிப்பு அவருக்குப் பொருந்தவில்லை. தொடக்க வகுப்புகளோடு நின்றுபோயிற்று. பின்னாளில் அவர் பெற்ற அறிவு தாமே நூல்களைத் தேடிப் படித்துப் பெற்றது.

இளமையில் ஒருநாள், வருவாய்த்துறை ஆங்கிலேய அலுவலர் ஒருவர் 'ரட்ஜ்' என்னும் மோட்டார் சைக்கிளில் ஊர்ப்பக்கம் வந்தார். மாடும் குதிரையும் இழுக்காமல் ஓடுகின்ற வண்டியை அந்த இளைஞர் அன்றுதான் கண்டார். அதன்மேல் கொண்ட வேட்கை அவரைக் கோவைக்கு இழுத்துச் சென்றது. சிற்றுண்டிச்சாலை ஒன்றில் பரிமாறும் பணியில் அமர்ந்து, காசு காசாகச் சேர்த்து, 300 ரூபாய் கொடுத்து அத்தகைய வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் ஊரைச் சுற்றி வந்தார் என்று கேட்டால் வியப்பில்லை. அவரோ வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றினார். ஒவ்வோர் உறுப்பும் எதற்காக அமைந்தது என்று அறிந்துகொண்டு மீண்டும் பூட்டினார். அவர் பயின்ற பொறியியல் கல்லூரி அந்த ஒற்றை வண்டிதான் எனலாம்.

அடுத்து வந்தது பருத்தி. முதல் உலகப்போர்க் காலத்தில் திருப்பூரில் பருத்தி அரைவைத் தொழிலில் இறங்கிப் பொருள் ஈட்டினார். ஈட்டிய பொருள் தந்த துணிவில் பம்பாய்ப் பருத்திச் சந்தைக்குச் சென்றார். கொண்டுசென்றதை அங்கே இழந்து திரும்பினார். முப்பது வயதுக்கு முன்னரே ஒருமுறை எழுந்து ஒருமுறை வீழ்ந்துவிட்ட வாழ்க்கை அது.

இந்த இடத்தில் பலரும் விரைந்து கடந்து போகும் செய்தி ஒன்றுண்டு. பம்பாயிலிருந்து திரும்பியவர் மீண்டும் பருத்திச் சூதில் இறங்கவில்லை. தமக்குத் தெரிந்த எந்திரத்துக்குத் திரும்பினார். கோவையின் புகழ்பெற்ற தொழிலதிபர் சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் அவருக்குக் கடன் கொடுத்து உதவினார். 1920இல் பேருந்து ஒன்றை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அந்த ஒரு வண்டியே யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்னும் பெரும் போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. யு.எம்.எஸ். வண்டிகள் காலந்தவறாமைக்குப் பெயர் பெற்றவை. (முசிறியிலிருந்து குணசீலம் வழியே நாள்தோறும் திருச்சிக்குப் பேருந்தில் வந்து செல்கின்ற நாம் இவ்வரியை எழுதும்போது பெருமூச்சு விடாமல் இருக்க இயலவில்லை.)

சந்தையில் தோற்றுத் திரும்பிய இளைஞரை நம்பி ஒருவர் பணம் கொடுத்தார் என்பதை நம் சமுதாயப் பெரியவர்கள் கருத்தில் கொள்ள வேண்டுகிறோம். நாயுடுவின் உழைப்பைப் பேசுகின்ற மேடைகளில் ஸ்டேன்ஸின் கடன் பேசப்படுவதில்லை. அந்தக் கடன் இல்லையேல் அந்த உழைப்பு எந்தச் சாலையில் ஓடியிருக்கும்?

கிணற்றடியில் ஒரு மோட்டார்

கொங்கு நாட்டில் மழை குறைவு, கிணறுகள் ஆழம். மாடு பூட்டிக் கவலை இறைத்தே உழவர் பயிர் வளர்த்தனர். 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து கோவைப் பகுதிக்கு மின்சாரம் வந்தது. மின்சாரம் வந்தும் மோட்டார் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டியிருந்தது. அதன் விலை சிறு உழவர்க்கு எட்டாதது. இந்நிலையில் 1937இல் பீளமேட்டில் டி. பாலசுந்தரம் நாயுடுவோடு இணைந்து ஜி.டி. நாயுடு உருவாக்கிய மின்மோட்டார், இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டாராகப் போற்றப்படுகிறது. பின்னர்க் கோவை மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன நகரமாயிற்று. காவிரியின் வடகரையில், முசிறியைச் சுற்றியுள்ள வாழைத் தோட்டங்களில் ஓடுகின்ற மோட்டார்களின் பெயர்த் தகட்டைத் துடைத்துப் பாருங்கள். பலவற்றில் கோவையின் பெயர் இருக்கும்.

அவருடைய கருவிகளின் பட்டியல் நீளமானது. உலர்மின்கலத்தில் இயங்கும் 'ரசாண்ட்' சவரக் கருவி செர்மனியில் உற்பத்தியாயிற்று. மிக மெல்லிய சவர அலகுகள், பழச்சாறு பிழியும் பொறி, மண்ணெண்ணெயில் சுழலும் விசிறி, முறைகேடு செய்ய இயலாத வாக்குப்பதிவுப் பொறி என்று இன்னும் பல. ஒவ்வொன்றையும் விவரிக்கப் புகின் மலரின் பக்கங்கள் போதா.

நிறைவேறாதவை

மாணவர் வினவிய வினாவுக்கு இனித்தான் விடை கூற வேண்டும். நாயுடு முயன்றவற்றுள் நிறைவேறாதவை எவை?

1936இல் மாகாணச் சட்டமன்றத் தேர்தலுக்கு நின்றார், தோற்றார். 1941இல், ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாய்க்குச் செய்து தர இயலும் என்று அறிவித்தார். வீடுதோறும் அந்தப் பெட்டி வந்து சேரவில்லை. 1952இல் இருவர் அமரும் பெட்ரோல் காரை உருவாக்கி, 2,000 ரூபாயே அதன் விலை என்றார். பெருந்தொழில் தொடங்குவதற்கு அரசின் உரிமம் இன்றியமையாதது என்று வகுத்த 1951ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்திருந்த காலம் அது. உரிமம் மறுக்கப்பட்டது, உற்பத்தி நின்றது. நடுத்தரக் குடும்பத்தார் சிறு கார் ஒன்றை வாங்கக் கனவு காணும் நிலை மாருதி வெளிவந்த 1983க்குப் பின்னரே வாய்த்தது. நாயுடு 1974 சனவரி 4ஆம் நாள் மறைந்துவிட்டார். மின்னணு வாக்குப்பதிவு எந்திரம் கேரளத்தின் பரவூரில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது 1982இல். அதையும் அவர் கண்டாரில்லை.

கல்வியிலும் அவருக்கு இடர் நேர்ந்தது. 1945இல் அவர் முயற்சியாலும் கொடையாலும் கோவையில் ஆர்தர் ஹோப் பெயரால் பல்தொழில் நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் தோன்றின. நான்கு ஆண்டுகளில் கற்பிப்பதைக் குறுகிய காலத்திலேயே கற்பித்துவிடலாம் என்பது அவர் கொள்கை. அரசு இணங்கவில்லை, அவர் பொறுப்பினின்று விலகினார். அக்கல்லூரியே இன்று கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியாகத் திகழ்கிறது. மோட்டார் சைக்கிளைக் கழற்றிக் கற்றவர்க்கு நான்காண்டு நீளமாகத் தோன்றியது இயல்பே. ஆயினும் எல்லார்க்கும் அந்தக் கை வாய்ப்பதில்லை. மெல்லக் கற்போரையும் உடன் அழைத்துச் செல்வதே வகுப்பறை. இதில் நாம் அரசின் பக்கமே நிற்கிறோம்.

இன்னொன்றிலும் அவரோடு உடன்பட இயலவில்லை. 1950களின் முற்பகுதியில், அரசின் கடுமையான வரி விதிப்பை எதிர்த்து, தம் கைகளால் உருவாக்கிய கருவிகளை மக்கள் முன்னிலையில் உடைத்தெறிந்தார். அந்தச் சினத்தின் நியாயம் புரிகிறது. கார் நின்றது, கல்லூரி கைவிட்டுப் போயிற்று, ஈட்டியதில் பெரும்பகுதி வரியாயிற்று. எனினும், கழற்றிய வண்டியை மீண்டும் பூட்டாமல் விடாத கை அல்லவா அது? உடைத்த பொருளை மறுபடி பூட்ட முடியுமா? அவரைப் போற்றும் கட்டுரைகள் இந்நிகழ்ச்சியை வீரச் செயலாக எழுதுகின்றன. நமக்கு அது ஒரு மனிதர் தளர்ந்துபோன நாளாகவே தோன்றுகிறது. தளராதவர் என்று எவரும் இலர் போலும். நாயுடுவும் ஒருநாள் தளர்ந்தார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாழ்ந்தார், ஆய்வை விட்டாரில்லை. இளைஞர்களுக்குத் தொழில் கற்பிப்பதையும் விட்டாரில்லை.

ஆக, 'முயன்றவர் எல்லாரும் வென்றார்களா' என்றால், இல்லை என்பதே விடை. நாயுடுவே பாதியில் வென்றார், பாதியில் தோற்றார். தோற்றவற்றுள் சில அவருடைய பிழையால் நேர்ந்தவை. பம்பாய்ச் சந்தை அத்தகையது. சில காலத்தின் பிழை, சட்டத்தின் பிழை, கார் அத்தகையது. இரண்டையும் பிரித்தறியாமல் எல்லாத் தோல்விக்கும் 'முயற்சி போதாது' என்று ஒரே காரணத்தை மாணவர்மீது சுமத்துவது ஆசிரியராகிய நாம் செய்து வருகின்ற தவறு. முறையான பள்ளிக் கணிதம் கிடைக்காத ஒருவரை, விடாமல் முயல்க என்று மட்டும் கூறி மூன்றாம் முறையும் அதே தேர்வுக்கு அனுப்புவதால் யாது பயன்?

துறையூர்ச் சாலையில்

கல்லூரியிலிருந்து நின்றுவிட்ட அம்மாணவரைச் சென்ற கோடையில் முசிறியில் கண்டோம். துறையூர்ச் சாலையில், மோட்டாருக்குக் காயில் கட்டும் சிறு கடை. எரிந்துபோன பம்பு மோட்டார் ஒன்றை மடியருகே வைத்துக்கொண்டு தரையில் அமர்ந்திருந்தார். எம்மைக் கண்டதும் எழ முயன்றார், கையமர்த்தினோம். கருகிய செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்துக்கொண்டே இருந்தவர், அருகிலிருந்த தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

"எரிந்ததை அறுத்து எறிந்துவிட்டுப் புதிதாகச் சுற்றினால் ஆகாதா தம்பி?" என்று கேட்டோம்.

"ஆகாதுங்க ஐயா. எத்தனை சுற்று, எந்தப் பள்ளத்திலிருந்து எந்தப் பள்ளத்துக்குப் போகுது, கம்பி எத்தனை கேஜ் என்று எரிந்த காயிலைப் பார்த்துத்தான் எழுதிக்கொள்ள வேண்டும். எண்ணாமல் அறுத்துவிட்டால் புதுசு கட்ட வழி தெரியாது. கட்டினாலும் மறுபடி எரிந்துவிடும்."

நெடுநேரம் அங்கேயே அமர்ந்திருந்தோம். ஒரு காயிலுக்கு எத்தனை சுற்று, எவ்வளவு கம்பி வேண்டும் என்பதை அவர் மனக்கணக்காகவே கூறினார். பல்கலைக்கழகத்தின் வினாத்தாளில் தோற்ற அதே கணக்கு, கடையின் தரையில் அவருக்குத் தடையின்றி வந்தது. ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்கு நாம் அளித்த ஆய்வேடு ஒருமுறை திருத்தத்துக்காகத் திரும்பி வந்ததையும், மறுப்புக் குறிப்புகளைப் படித்தும் பாராமல் பல நாள் பெட்டிக்குள் பூட்டி வைத்ததையும் அவரிடம் கூறினோம். சிரித்தார்.

"உன் கணிதத் தாளை எண்ணிப் பார்த்தாயா?" என்றோம். எந்தப் பகுதியில் மதிப்பெண் போயிற்று என்பது அவருக்குத் தெரியவில்லை. விடைத்தாளின் ஒளிப்படியைக் கேட்டுப் பெறலாம் என்பதும் தெரியவில்லை. விண்ணப்பத்துக்கான தொகையைக் கடை முதலாளி அங்கேயே எடுத்துக் கொடுத்தார். மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளப் போவதில்லை என்றும் சொன்னார்.

தாள் வந்தது. வகைநுண்கணிதம் முழுவதும் சரி. தொகைநுண்கணிதத்தில் ஒரே வகையான பிழை நான்கு இடங்களில். கணிதத்துறை நண்பர் ஒருவர் சனிக்கிழமைகளில் அதனை மட்டும் அவருக்குக் கற்பித்தார். காலையில் கல்லூரி, மாலையில் கடை என்று நவம்பர்த் தேர்வை எழுதியிருக்கிறார். இம்மலர் அச்சுக்குச் செல்லும் இந்நாளில் முடிவு இன்னும் வெளிவரவில்லை.